அவர் போடாத கையெழுத்து

1

எனக்கு ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. கடிதம் எழுதுவேன், அதுவும் என் தம்பிக்கு மட்டும். பத்திரிகைக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

மதுரையை விட்டு இந்தக் கனடா நாட்டுக்கு வந்து நான்கு வருஷம் முடிந்துவிட்டது. வருஷா வருஷம் நான் வந்திறங்கிய நாளன்று மகள் வசந்தா ஒரு சின்ன கேக் வாங்கி வருவாள். இந்த வருஷம் அவளும் மறந்துவிட்டாள், நானும் ஞாபகப்படுத்தவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் வேறு பேச்சு. ஆபீசில் ஒரு காகிதத்தில் வசந்தா கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்ற பேச்சு. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு ஆறாவது மாடியில் இருக்கிறது. வசந்தா, மருமகன் செல்வராஜ், பேத்தி மாலா மூவரும் காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிடுவார்கள். பிறகு சாயங்காலம் வரை நான் மட்டும்தான். ஜன்னலுக்குக் கீழே இருந்து வெக்கைக் காற்று ஊதிக்கொண்டிருக்கும். வெளியே பனி கிடக்கும். தபால் எடுக்கக் கீழே போவேன். லிப்டுக்குள் யாராவது நின்றால் ஏற மாட்டேன், அது போகட்டும் என்று ஓரமாக நிற்பேன். ஏறினால் குட் மார்னிங் சொல்ல வேண்டும். ஒரு நாள் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு பெரியவருக்கு அதைச் சொல்லிவிட்டேன். மாலாவிடம் சொன்னபோது சிரித்தாள். அவளுக்கு ஆறு வயது. நான் பேசுவது புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். என்னிடம் அவள் பேசுகிற தமிழ் மூன்று வார்த்தை: சாப்பிட்டேன், வேணாம், அப்புறம்.

வந்த புதிதில் மருத்துவ அட்டை வாங்க ஒரு ஆபீசுக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் ஒரு காகிதத்தை நீட்டி, விரலால் ஒரு கோட்டைக் காட்டினாள். போட்டேன். அவள் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள், வசந்தாவிடம் ஏதோ சொன்னாள். வசந்தா எட்டிப் பார்த்தாள். காகிதத்தில் இருந்தது என் கையெழுத்து இல்லை. என் வீட்டுக்காரர் சோலைமலையின் கையெழுத்து. அவர் தவறி அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது.

“என்னம்மா இது, அப்பா கையெழுத்தைப் போட்டு வச்சிருக்க?”

“கை பழகிப்போச்சு.”

“அச்சா அவரு போட்ட மாதிரியே இருக்கு. நீ நெனச்சிருந்தா அப்பா கடையவே எழுதி வித்திருக்கலாம் போல.”

சிரித்துக்கொண்டே வேறு காகிதம் கேட்டு வாங்கினாள். பேச்சியம்மாள் என்று எழுத எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஊரில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

2

வசந்தாவின் வலது கைச் சுண்டுவிரலில் ஒரு இரும்பு மோதிரம் உண்டு. விமான நிலையத்தில் அவள் என் பெட்டியைத் தூக்கியபோதே பார்த்துவிட்டேன். நம் பக்கத்தில் இரும்பு மோதிரம் போட்டால் சனிக்குத்தான். மகளுக்கு ஏழரை நடக்கிறது, எனக்குத் தெரிந்தால் கவலைப்படுவேன் என்று சொல்லாமல் பரிகாரம் செய்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் அதை நடுவிரலில் அல்லவா போட வேண்டும். கேட்கக் கூச்சமாக இருந்தது. சனிக்கிழமைதோறும் எள்ளைத் துணியில் முடிந்து அவளுக்காக விளக்குப் போட்டேன். ஒரு சனிக்கிழமை புகை அதிகமாகி, கூரையில் இருக்கிற புகை மணி அலற ஆரம்பித்துவிட்டது. செல்வராஜ் நாற்காலி மேல் ஏறி நின்று துண்டால் விசிறினார்.

“எள்ள எதுக்கும்மா எரிக்கிற?”

“ஒனக்குத்தான். சனிக்கு மோதிரம் போட்டிருக்கியே.”

செல்வராஜ் நாற்காலி மேல் நின்றபடியே, “அத்தை சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க. அந்த ஆபீசு சனியேதான்” என்றார்.

அப்புறம்தான் வசந்தா விளக்கினாள். இந்த நாட்டில் என்ஜினியர் ஆகிறவர்களை ஒரு அறைக்குள் கூட்டி வைத்து உறுதிமொழி வாங்கி இந்த மோதிரத்தைப் போட்டுவிடுவார்களாம். மதுரையில் அவள் வாங்கிய பட்டம் இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். காகிதங்களை மூன்று தடவை ஊருக்கும் இங்கேயுமாக அனுப்பி, பிள்ளையை வைத்துக்கொண்டு மறுபடியும் பரீட்சை எழுதி, அதற்குப் பிறகு கிடைத்த மோதிரம். மட்டமான வேலையைத் தெரிந்தே விட மாட்டேன், பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல மாட்டேன் என்பதுதான் சாராம்சம் என்றாள். எழுதுகிற கையில் போடுவதால் கையெழுத்துப் போடும்போது மோதிரம் காகிதத்தில் உரசும். அந்த உரசல் ஞாபகப்படுத்துமாம்.

சரி என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

3

என் வீட்டுக்காரருக்கு மதுரை காளவாசலில் ஒரு எலக்ட்ரிக் கடை இருந்தது. சுவிட்சு, பல்பு, ஒயர் விற்பார். அதைவிட முக்கியம், அவர் லைசென்ஸ் வைத்திருந்த ஒயர்மேன். வீட்டுக்கோ பம்புசெட்டுக்கோ புதிதாகக் கரண்ட் வாங்க வேண்டுமானால், ஒயரிங்கைச் சோதித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று லைசென்ஸ்காரர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை மின்சார ஆபீசில் கொடுக்க வேண்டும். டெஸ்ட் ரிப்போர்ட் என்பார்கள். அது போனால்தான் கரண்ட் வரும்.

வீட்டிலிருந்தபடியே கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற ஆட்கள் அப்போது இருந்தார்கள். இவர் அப்படி இல்லை. மெக்கர் என்று ஒரு பெட்டி, பக்கத்தில் கைப்பிடி இருக்கும், சுற்றினால் ஒயரில் கசிவு இருக்கிறதா என்று முள் காட்டும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு சமயநல்லூர், திருவாதவூர் என்று பஸ் ஏறிப் போவார். கசிகிற கரண்ட் ஆளைத் தாக்காமல் மண்ணுக்குள் இறங்கத்தான் எர்த், வயக்காட்டில் அந்தக் குழியைக் கிளறிப் பார்ப்பார். கரி போட்டிருக்கிறார்களா, உப்பு போட்டிருக்கிறார்களா, ஈரம் நிற்கிறதா எல்லாம் பார்ப்பார்.

“என்ன சோலைமலை அண்ணே, பொண்ணு பாக்க வந்த மாதிரி சுத்திச் சுத்திப் பாக்குறீக” என்று ஊர்க்காரர்கள் கேலி பண்ணுவார்களாம்.

“பொண்ணு பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பலாம். இத அனுப்ப முடியாதுல்ல” என்று இவர் சொல்வாராம். என் தம்பி ராசு வந்து சொல்லிச் சிரிப்பான். ராசு அவரிடம்தான் தொழில் கற்று அவருடனேயே வேலை பார்த்தான். ஒரு தடவை மெக்கர் முனைகளை அவன் கையில் கொடுத்துக் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். அவன் துள்ளி விழுந்தான். “மாப்ள, இப்பத் தெரியுதா, எதுக்குப் பாக்கச் சொல்றேன்னு” என்றார்.

அவர் எப்போதும் வெளியே இருப்பதால் மற்றக் கையெழுத்தெல்லாம் என் பொறுப்பு. வசந்தாவின் பள்ளிக்கூட அட்டை, தபால், கடைக்கு வருகிற சரக்குச் சீட்டு. “நீயே போட்டுரு” என்று தன் கையெழுத்தை அவரே எனக்குச் சொல்லிக் கொடுத்தார். டெஸ்ட் ரிப்போர்ட்டை மட்டும் நான் தொட்டதில்லை.

4

வசந்தா என்ஜினியரிங் காலேஜில் இரண்டாவது வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். இவர் மஞ்சள் காமாலையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் ராசு வந்தான். கூடவே சமயநல்லூருக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெரியசாமி என்ற விவசாயியும் அவர் மனைவி அழகம்மாளும் வந்தார்கள். அழகம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு சுரைக்காயைக் கொண்டுவந்து அடுப்படிப் பக்கம் வைத்தாள்.

“அக்கா, இவுக பம்புசெட்டுக்கு ஒயரிங் நான்தான் பண்ணுனேன். எல்லாம் சரியா இருக்கு. இன்னைக்கு ரிப்போர்ட் குடுத்தா நாளைக்கு லைன் குடுத்துருவாக. இல்லைன்னா அடுத்து எப்பவோ” என்றான் ராசு.

“எர்த்து போட்டாச்சா?”

“அதுதான், குழி வெட்டுன எடத்துல பாறை. பைப்ப ஒரு அடி எறக்கி ஒயரச் சுத்தி வச்சிருக்கேன். ரெண்டு நாள்ல வேற எடம் பாத்து முடிச்சிருவேன்.”

“அவர எழுப்பிக் கேளு.”

“மாமாவ எழுப்புனா மெக்கரத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிரும். இருக்குற நெலமைக்கு வழியிலயே விழுந்துரும். நீ போடுக்கா. ஒனக்குத்தான் வருமே.”

அதுவும் உண்மைதான். எழுப்பியிருந்தால் போயிருப்பார்.

அழகம்மாள் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள்: “நாத்து கருகுதுக்கா. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கியாம்ல.”

நான் போட்டேன். அவரே போட்டது போல இருந்தது. அவர் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். மெக்கர் பீரோ மேல் இருந்தது.

மறுநாள் கரண்ட் வந்தது, மோட்டார் ஓடியது. ஓடுகிற மோட்டாருக்கு எர்த் போட வா என்று யாரும் ராசுவைக் கூப்பிடவில்லை. அவனுக்கு வேறு வேலை வந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து மோட்டார் அறைக்குள் ஒரு ஒயர் தேய்ந்து ஸ்டார்ட்டர் பெட்டியில் பட்டிருக்கிறது. துணி துவைத்துவிட்டு ஈரக் கையோடு வந்த அழகம்மாள் மோட்டாரை நிறுத்தப் பெட்டியைத் தொட்டிருக்கிறாள். அவ்வளவுதான்.

5

விசாரணைக்கு இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் அந்தக் காகிதத்தை இவர் முன்னால் வைத்தார். இவர் அப்போதுதான் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். நான் நிலைப்படிக்குப் பின்னால் நின்றேன். என் பக்கம் திரும்பவே இல்லை.

“இது ஒங்க கையெழுத்தா?”

“என்னுதுதான்.”

“நேர்ல போய்ப் பாத்தீங்களா?”

“பாக்கல. தப்பு என்னுது.”

லைசென்ஸ் போனது. அதற்குப் பிறகு அவர் ஒரு பல்பைக்கூட மாட்டவில்லை, விற்பதோடு சரி. அழகம்மாள் வீட்டுக்கு ஒரு தடவை போனார். ராசு கூடப் போனான். வாசலிலேயே பெரியசாமி கேட்டாராம்: “ஒம் பொண்டாட்டி தொடுற பெட்டியா இருந்தா பாக்காமப் போட்டிருப்பியா?” இவர் அப்படியே திரும்பி வந்துவிட்டார்.

அந்த வாரமே வசந்தாவும் கேட்டாள். காலேஜில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று அழுதுகொண்டு வந்தாள்.

“பாக்காம எப்டிப்பா போட்டீங்க? நீங்கதான எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?”

“போட்டாச்சுத்தா. இனி என்ன.”

நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்த நாளிலும் சொல்லியிருக்கலாம். வசந்தா அப்பாவிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கல்யாணமாகிக் கனடா வந்த பிறகும் கடிதத்தில் என் பெயரைத்தான் எழுதுவாள். இவர், “புள்ள என்ன எழுதியிருக்கு?” என்று கேட்பார். வாசித்துக் காட்டுவேன். அவரைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. நானாக ஒரு வரி சேர்த்து வாசிப்பேன். நான் சேர்க்கிறேன் என்பது அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். எட்டு வருஷம் இப்படிப் போனது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. இப்போதும் வருவதில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போல எப்போதாவது நினைத்துப் பார்ப்பேன்.

6

வசந்தாவின் ஆபீசில் லிப்டுக்கு வேண்டிய கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறார்கள். எந்த மாடியில் நிற்பது, எப்போது கதவைத் திறப்பது என்பதையெல்லாம் முன்பு கம்பிகளும் சுருள்களும் செய்தன, இப்போது எழுத்தாக எழுதி வைக்கிறார்களாம். வயதானவர்கள் மட்டும் குடியிருக்கிற ஒரு பெரிய கட்டடத்துக்கு அது போக வேண்டும். போவதற்கு முன்னால், எல்லாச் சோதனையும் முடிந்தது என்று ஐந்து பேர் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு பேர் போட்டுவிட்டார்கள். வசந்தா பாக்கி. திங்கட்கிழமை காலைக்குள் போட வேண்டும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அந்தக் காகிதம் கிடந்தது. நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“மத்தவங்க எல்லாம் முட்டாளா? பேரப் போட்டுட்டுப் பேசாம இரு” என்றார் செல்வராஜ்.

“நாலு டெஸ்ட்டு ஓட்டவே இல்லைங்க. கரண்ட் போயித் திரும்ப வந்தா கதவு என்ன செய்யும்னு எழுதுன எனக்கே தெரியாது.”

“ஒண்ணும் செய்யாது. அப்புறமா டெஸ்ட் பண்ணிக்கலாம்னு அவங்களே சொல்றாங்கள்ல. வேலை போச்சுன்னா இந்த ஊர்ல ஒனக்கு இன்னொண்ணு யாரு குடுப்பா?”

வசந்தா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு ஒரு மாதிரி சிரித்தாள்.

“அப்பாவ நான் என்ன பேச்சுப் பேசியிருக்கேன். அவரு மாதிரி ஆளே ஒரு நாள் பாக்காமப் போட்டாரு. நான் என்ன அவர விடப் பெரிய இவளா? நாளைக்குப் போட்டுர்றேன். விடுங்க.”

கத்தியைக் கீழே வைத்தேன்.

“அவரு போடல” என்றேன்.

“எத?”

“அந்த ரிப்போர்ட்ட. நான்தான் போட்டேன்.”

செல்வராஜ் மாலாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வசந்தா என்னைப் பார்த்தாள். அந்த மருத்துவ அட்டை ஆபீசில் நடந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது முகத்தில் தெரிந்தது. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். விசாரணைக்கு வந்தவர்களைப் போல ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“அப்பா எங்க இருந்தாரு?”

“படுத்திருந்தாரு. காமாலை.”

“எர்த் இல்லைன்னு ராசு மாமாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஒனக்கு?”

“சொன்னான். கேட்டுக்கிட்டுத்தான் போட்டேன்.”

“அப்பா ஒன்னைய ஒண்ணுமே கேக்கலையா?”

“கேக்கல.”

“இத்தன வருஷமா நீ ஏம்மா சொல்லல?”

“யாரும் என்னையக் கேக்கல.”

“அது பதில் இல்லம்மா.”

பதில் இல்லைதான். காகிதத்தை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குள் போய்விட்டாள். நான் மிச்சப் பீன்ஸை நறுக்கி முடித்தேன். அன்று அவள் சாப்பிட வரவில்லை.

7

திங்கட்கிழமை மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். கோட்டைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“போடல” என்றாள். “அந்த நாலு டெஸ்ட்டும் ஓட்டலைன்னு அதுலயே எழுதிக் குடுத்துட்டேன். மேல இருக்குறவங்களுக்கும் ஒரு காப்பி அனுப்பிட்டேன்.”

“வேலை?”

“போச்சுன்னு இன்னும் யாரும் சொல்லல. என் மேசைய மட்டும் வேற எடத்துக்கு மாத்திட்டாங்க. யாரும் பேசுறதில்ல.”

“லிப்டு?”

“நிறுத்தி வச்சிருக்காங்க. எத்தன நாளைக்குன்னு தெரியாது. வேற யாரையாவது வச்சுப் போடச் சொல்லலாம்.”

இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. லிப்ட் இன்னும் போகவில்லை. செல்வராஜ் வீட்டில் சத்தமில்லாமல் இருக்கிறார். வசந்தா என்னிடம் வேண்டியதற்கு மட்டும் பேசுகிறாள். அவள் அப்பாவிடம் அப்போது பேசியது போல. நான் குறை சொல்லவில்லை, அது எனக்கு வர வேண்டியது. முதல் வாரத்திலேயே அவளாகவே ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“நான் சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிட்டேன். நீ யாருக்குச் சொல்லணும்னு ஒனக்குத் தெரியும்.”

முதலில் தம்பிக்கு எழுதிக் கேட்டேன். “எழுதுக்கா, என் பேரையும் போட்டு எழுது” என்று ஒரு வரியில் பதில் வந்தது. பெரியசாமி வீட்டுக்கு நேராகவும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அவர் இருக்கிறாரோ இல்லையோ, விலாசம் சரிதானோ தெரியாது. அதனால்தான் உங்கள் பத்திரிகைக்கும் எழுதுகிறேன். அந்தப் பக்கத்தில் யாராவது வாசித்தால் அவர்கள் காதில் போடுங்கள். மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. கேட்டால் அவர்கள் ஏதாவது சொல்லியாக வேண்டுமே.

அழகம்மாளின் பிள்ளைகளுக்கும், காளவாசலில் என் வீட்டுக்காரரைத் தெரிந்தவர்களுக்கும் சொல்கிறேன். சோலைமலை பார்க்காத வேலைக்கு ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. உங்கள் பம்புசெட்டுக் காகிதத்தில் இருந்த கையெழுத்து நான் போட்டது. எர்த் இல்லை என்று தெரிந்துதான் போட்டேன்.

பேச்சியம்மாள்